ராயருக்கு உப்பு

கிட்ட வந்து உட்காரு மக்கா, சந்தியாகு. இன்னும் கொஞ்சம் கிட்ட. கோயில் படிக்கட்டு அகலமாய்த்தான் கிடக்கிறது, செத்துப்போன ஆளுக்கு எவ்வளவு இடம் வேணும், ஆனாலும் நீ தள்ளி உட்கார்ந்தால் நான் சத்தம் கூட்ட வேண்டிவரும், நானோ வாயே திறக்கக் கூடாது. சட்டம் உனக்குத் தெரியாததா. திருநாள் நாடகத்தில் ராயன் வேஷம் கட்டினவன் மறுநாள் காலையில் பாப்பு வேஷம், அதுதான் பாப்பரசர் வேஷம், கட்டினவன் வீட்டு வாசலுக்குப் போய், அவன் காலைக் கழுவி, அந்த வீட்டுக் கஞ்சியைக் குடித்து, கடைசியில் பாப்பு தன் துண்டால் ராயனுடைய அரிதாரத்தைத் துடைத்துவிடுகிற வரை ஒருத்தரிடமும் பேசக் கூடாது. அதனால் உள்ளேயே பேசுகிறேன், நீ உள்ளேயே கேட்டுக்கொள். நேற்றுச் சாயங்காலம் பூசின சிவப்பு வேர்வையில் ஊறிக் காய்ந்து, இப்போது கன்னத்தில் மீன் செதில் மாதிரி வெடித்து நிற்கிறது. விளக்குக் கரியில் இழுத்த மீசை அரிக்கிறது, சொறிந்தால் போச்சு. மடியில் பித்தளைச் சருவம், அதற்குள் பாதி கடல் தண்ணி, பாதி கிணத்துத் தண்ணி, அதில் என் முகம் கிடந்து ஆடுகிறது. பேண்டுக்காரர்கள் டீக்கு அலைகிறார்கள். எங்கே கிடைக்கும், ராயன் பாப்புவின் காலைக் கழுவாமல் ஊரில் எந்த வீட்டிலும் அடுப்புப் பற்றாது, பிளாஸ்கில் ஒளித்து வைத்திருக்கிறவன் இருப்பான், அவன் கிளாரினெட்காரனுக்குக் கொடுக்க மாட்டான். ஆடியில் உன்னைப் புதைத்தோம். தை பிறந்து மர்செல் பாப்பு திருநாளும் வந்து போய்விட்டது. உன் வேஷத்தை ரெஜிஸ் கட்டினான், படகு இஞ்சின் ரிப்பேர் பார்க்கிறானே, அந்த ரெஜிஸ். நல்ல குரல், குறை சொல்ல மாட்டேன், தொழுவத்துப் பாட்டுக்குப் பொம்பளைகள் மூக்கைச் சிந்தினார்கள். தொப்பி மட்டும் உன் தொப்பி இல்லை, தூத்துக்குடியில் புதுசாய்ச் செய்து வந்தது. உன் பழைய தொப்பியை உன் சவப்பெட்டிக்குள் வைக்கலாம் என்று கேட்டபோது உன் தங்கச்சி, “அதை எலி தின்னுட்டு” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். ஊர் நம்பியது. நானும் நம்பினேன். ஆக இன்றைக்கு ஊர்வலம் ரெஜிஸ் வீட்டுக்கு. ஐஸ் கம்பெனி முக்கில் இடது பக்கம் திரும்பினால் மணல் தெரு, உன் வீடு. திரும்பாமல் நேரே போனால் காலனி, ரெஜிஸ் வீடு. இத்தனை வருஷம் இடது பக்கம் திரும்பின காலை இன்றைக்கு நேரே நடக்கச் சொல்ல வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நேற்று எனக்கு முடி கட்டும்போது கொட்டகைக்குள் ஒரு சேதி வந்தது. உன் மகன் அலோசியசு சென்னையிலிருந்து காரோடு வந்துவிட்டானாம், காலையிலேயே வீட்டைப் பூட்டி அத்தையைக் கூட்டிக்கொண்டு போகிறானாம். உன் தங்கச்சி கித்தேரி போகிறாள் மக்கா. இன்றைக்கு. நான் வாய் திறக்க முடியாத காலையில்.

பேண்டு கிளம்பிவிட்டது. எழுந்திருக்கிறேன், முட்டி இரண்டும் நண்டு மாதிரிக் கடிக்கிறது, சருவம் தளும்பினால் ஊரே பதறும், மெதுவாய்த்தான் நடக்க வேண்டும். நீயும் கூட நட. பின்னால் சனம், முன்னால் பேண்டு, நடுவில் சிவப்பு மூஞ்சியோடு ஒரு கிழட்டு ராயன். இந்த மக்சேந்தி ராயனை நினைத்தால் எனக்கே பாவமாய் இருக்கிறது. உரோமாபுரியில் எவ்வளவு பெரிய அரண்மனை, எத்தனை ஆயிரம் குதிரை, அந்தக் குதிரையைக் கட்டவா இடம் இல்லை? லுசீனம்மாள் என்று ஒரு கைம்பெண், அவள் தன் வீட்டை மர்செல் பாப்புவுக்குக் கொடுத்தாள், பாப்பு அதில் பூசை வைத்தார். ராயனுக்கு அது பொறுக்கவில்லை. அந்த வீட்டையே குதிரைத் தொழுவமாக்கி, அந்தப் பாப்புவையே சாணி அள்ள வைத்தான். நாடகத்தில் அப்படித்தான் வருகிறது, சாமியார்களும் அதைப் பழைய காலத்துக் கதை என்றுதான் சொல்கிறார்கள், நடந்ததோ இல்லையோ, எனக்கு அதில் ஒரு கேள்வி உண்டு. நான் எத்தனையோ வருஷம் மேடைமேல் உயரத்தில் உட்கார்ந்து, நீ குனிந்து சாணி அள்ளுவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன், ஊரே பயப்படுகிற சிரிப்பு, அந்தச் சிரிப்பை உள்ளே இருந்து சிரித்தவன் நான், அதனால் சொல்கிறேன். ராயன் அந்த வீட்டைத் தொழுவமாக்கினது பாப்புமேல் உள்ள கோபத்தில் இல்லை. அந்த வாசலில் அவனை யாரும் வா என்று கூப்பிடவில்லை. மீன்காரனான இராயப்பருக்குக்கூடக் கதவு திறந்தது அந்தப் பட்டணத்தில். அந்த இராயப்பர்தான் முதல் பாப்பு, நம்ம ஆள்தான், வலை இழுத்தவர்தான். நீ சொல்வாயே, “அவருக்கு மாமியார் இருந்தான்னு வேதத்துல எழுதியிருக்கு, மாமியார் சும்மா வருமா, பொண்டாட்டியோடதான் வரும்” என்று. சாமியார் சிரிப்பை அடக்கத் துண்டைக் கடிப்பார். பாப்புவுக்கே மாமியார் கிடைத்தாள். ராயனுக்குக் கிடைக்கவில்லை பார்.

இந்த இடத்தில் வந்து மனசு முள்ளில் மாட்டின வலை மாதிரி நிற்கிறது, எத்தனை தடவை இழுத்தாலும் அதே முள். நாடகம் பழக்குகிற தொம்மை அண்ணாவிக்குக் கண் மங்கல், காது கூர்மை, குரலை வைத்துத்தான் வேஷம் கொடுப்பார். நமக்கு மீசை அரும்பின வருஷம், கோயில் முற்றத்தில் வரிசையாய் நிறுத்திப் பாடச் சொன்னார். என் குரலைக் கேட்டுவிட்டு, “இவன் பாப்பு” என்றார். உன்னைக் கேட்டுவிட்டு, “இந்தத் தவளைக்கு ராயன் போதும்” என்றார். நீ என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினாய், உனக்கு ராயன் முடிமேல் ஆசை. நான் வீட்டுக்கு வந்து படுத்து யோசித்தேன். பாப்பு ஆனால் மறுநாள் என் வீட்டில் நான் உட்கார்ந்திருப்பேன், நீ சருவத்தோடு வருவாய். ராயன் ஆனால் நான் உன் வீட்டுக்கு வரலாம். உன் வீட்டு வாசலில், ஊர் பார்க்க, பேண்டு முழங்க, ஒருத்தரும் ஏன் வந்தாய் என்று கேட்காமல் வந்து உட்காரலாம், உள்ளேயிருந்து கஞ்சி வரும், கஞ்சியைக் கொண்டு வருகிறது அந்த வீட்டுக் குமரிப் பெண்ணாய்த்தான் இருக்கும். அவ்வளவுதான் யோசனை. மறுநாளிலிருந்து கடலோரம் போய் அலைக்கு மேலே கத்தினேன். காய்ந்த மிளகாயை மென்றேன். அடுத்த ஒத்திகையில் என் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு அண்ணாவி கையில் இருந்த தாளத்தைக் கீழே போட்டார். “ஏல கஸ்பார், ஒன் தொண்டைக்குள்ள ராயன் ஏறிட்டாம்ல” என்றார். அப்படி நமக்குள் வேஷம் மாறியதுதான். ஊர் என்ன நினைத்தது? இவனுக்கு முடிமேல் ஆசை. நீயும் ஒரு மாசம் என்னோடு பேசவில்லை. முதல் வருஷம் உன் வீட்டு வாசலுக்கு வந்தேன், உன் காலைக் கழுவினேன், கஞ்சியை உன் அம்மா கொண்டு வந்தாள். சரி, அடுத்த வருஷம் என்று இருந்தேன். அதற்குள் என் அம்மா வெற்றிலை பாக்கோடு உன் வீட்டுக்குப் பெண் கேட்டுப் போனாள். உன் அம்மா தட்டைத் தொடவில்லை. “வேதக்காரங்களைக் கொன்ன ராயனுக்கா எம்பிள்ளையைக் குடுப்பேன்? நாளைக்கு அவ வயித்துல பொறக்கதை ராயன் பிள்ளைன்னு கூப்பிடதுக்கா?” ராயன் வேஷக்காரனுக்கு உள்ளூரில் பெண் கிடைக்காது என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வாசலையே நினைத்துக்கொண்டிருந்தவன் வாசலுக்கு அப்புறம் ஒரு வீடு இருக்கிறதை மறந்துபோனேன். இனி வேஷத்தை மாற்றவும் முடியாது, குரல் சாகிற வரை கட்டின வேஷம் கட்டினதுதான். பாப்புவாய் நின்றிருந்தால் தட்டை எடுத்திருப்பாள். நின்றிருந்தால். காலில் என்னமோ குத்துகிறது, சிப்பியாய் இருக்கும், குனிய முடியாது, நடக்கிறேன்.

கித்தேரியைத் தூத்துக்குடித் தோணிக்காரன் ஒருத்தனுக்குக் கொடுத்தார்கள். எனக்கு இந்த நாடகமே தெரியாத வடக்குத் துறையிலிருந்து பிரகாசியைக் கொண்டுவந்தார்கள். நல்லவள் மக்கா, உனக்கே தெரியும், அவள் வைத்த குழம்புக்கு நீ எத்தனை நாள் வந்து நின்றிருக்கிறாய். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போன தோணி ஒரு ஐப்பசியில் திரும்பவில்லை. நூலளவு மரத்துண்டுகூட ஒதுங்கவில்லை. கித்தேரி வெள்ளைச் சேலையோடு உன் வீட்டுக்கு வந்தாள். உன் மனைவி அலோசியசைப் பெற்றுப் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள், பிள்ளையை இவள் தூக்கினாள். அந்தத் தையில் நான் சருவத்தோடு வந்தேன், உன் காலைக் கழுவினேன், தலை நிமிர்ந்தால் கஞ்சிச் சட்டியோடு அவள். தோளில் உன் பிள்ளை. ஊரே நிற்கிறது. அவள் சட்டியை என் முன்னால் வைத்துவிட்டு, ரொம்ப மெதுவாய், ரொம்ப மரியாதையாய்க் கேட்டாள். “ராயருக்கு உப்பு போதுமா?” நான் பேசக் கூடாது. அவளுக்கும் தெரியும் நான் பேசக் கூடாது என்று. உப்பு இருந்ததா இல்லையா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது, நான் குடித்தது கஞ்சியா மண்ணா என்றே தெரியாது. நீ துண்டால் என் முகத்தைப் படகு தேய்க்கிற மாதிரித் தேய்த்துவிட்டு, “பேசுடே” என்றாய். அதற்குள் அவள் உள்ளே போய் அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டாள். அன்றையிலிருந்து வருஷத்துக்கு ஒரு வார்த்தை. சின்ன வயசில் கூட விளையாடினவள், ஒரு தடவையாவது அண்ணன் என்று கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. ராயரே, ராயருக்கு, ராயரு. மற்ற நாளில் தெருவில் எதிரே வந்தால் முந்தானையை இழுத்துக்கொண்டு ஒதுங்கிப் போவாள், நானும் ஒதுங்கிப் போவேன், ஊர் ஒரு சொல் சொல்ல நாங்கள் இடம் கொடுத்தது இல்லை. பிரகாசி மட்டும் நான் திரும்பி வந்ததும் வருஷாவருஷம் ஒன்றே ஒன்று கேட்பாள், “வயிறு நெறஞ்சுதா?” அதில் குத்தல் இருந்ததா, தெரியவில்லை. நிறைந்தது என்பேன். அவள் தலையை ஆட்டிவிட்டு எனக்கு வெந்நீர் வைக்கப் போவாள்.

பேண்டுக்காரன் வேகமாய்ப் போகிறான், பசி. தண்ணி தளும்புகிறது. ஐஸ் கம்பெனி புகைக்குழாய் தெரிகிறது, இன்னும் தூரம்தான், தூரமாகவே இருக்கட்டும். என்ன சொல்லிக்கொண்டிருந்தேன், சாவு. மக்சேந்தி ராயன் கடைசியில் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்து இரும்புச் சட்டையோடு முங்கிச் சாகிறான். நீலத்துணியை இரண்டு பேர் ஆட்டுவார்கள், நான் விழ வேண்டும். கடலில் பிறந்து கடலில் வளர்ந்தவனுக்குத் தண்ணியில் சாக எங்கே தெரியும், நான் கையைக் காலை அடித்து ஒரு அமர்க்களம் செய்வேன், சனம் கைதட்டும். ஒரு வருஷம் கஞ்சியை வைத்துவிட்டு கித்தேரி சொன்னாள். “நேத்து நீரு ஆத்துல விழுந்தது நீச்சல் தெரிஞ்சவன் விழுந்த மாதிரி இருந்துச்சு.” கைதட்டின ஊரில் ஒருத்தி. அதன் பிறகு அந்த வருஷம் முழுக்க நான் அதையேதான் நினைத்தேன். படகில் போகும்போது தண்ணியைப் பார்ப்பேன். கை எப்போது நிற்கும்? வாய் மூடியிருக்குமா, திறந்திருக்குமா? கிளேமென்ஸ் பாப்புவைக் கழுத்தில் நங்கூரம் கட்டிக் கடலில் போட்டார்கள் என்று ஒரு கதை உண்டே, அவர் இறங்கும்போது மேலே பார்த்தாரா, கீழே பார்த்தாரா? அப்போதுதான் உறைத்தது. இவள் இதை எத்தனை ராத்திரி படுத்துக்கொண்டு நினைத்திருந்தால் இவளுக்கு இது தெரியும். தோணிக்காரன் முங்கினதை அவள் ஒருத்திதான் பார்த்திருக்கிறாள், கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்திலிருந்து. அடுத்த தையில் நான் விழுந்தேன், அடிக்கவில்லை, கத்தவில்லை, மேலே இருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே சும்மா இறங்கினேன். கைதட்டே இல்லை. மறுநாள் சட்டியை வைக்கும்போது அவள் கொஞ்சம் கஞ்சியைச் சிந்தினாள். “இந்த வருசம் செத்தீரு” என்றாள். எந்த ராயனுக்கு எந்தப் புலவன் இப்படி ஒரு வார்த்தை சொன்னான், சொல்லு பார்ப்போம்.

இன்னொரு வருஷம். பிரசங்கத்தில் சாமியார் சொன்னார், இந்த ராயனுக்கு முந்தி இருந்த தியோக்கிலேசியன் என்கிற ராயன், எத்தனையோ வேதக்காரங்களைக் கொன்றவன், கடைசியில் பட்டத்தை வேண்டாம் என்று இறக்கி வைத்துவிட்டு ஊருக்குப் போய் முட்டைக்கோசு போட்டானாம், திரும்ப வா என்று கூப்பிட்டவர்களிடம் என் முட்டைக்கோசை வந்து பாருங்கள், அப்புறம் கூப்பிடுங்கள் என்றானாம். மறுநாள் கஞ்சியோடு அவள், “அந்த முட்டக்கோசு ராயன் வேசம் இருந்திருந்தா அதையே கட்டியிருக்கலாம் நீரு.” நான் சிரிக்கக் கூடாது, சிரித்தால் அரிதாரம் வெடிக்கும், மூக்கு வழியாய்க் காற்று விட்டேன், நீ தொப்பிக்குக் கீழே இருந்து என்னை முறைத்தாய். பிரகாசி செத்துப்போன வருஷம், ஊரே எனக்கு ஆறுதல் சொல்லித் தீர்த்திருந்தது, கித்தேரி சட்டியை வைத்துவிட்டு, “இன்னைக்கு மொளகா கிள்ளிப் போட்டிருக்கேன், கண்ணு கலங்குனா மொளகாதான்” என்றாள். நான் அந்தச் சட்டிக்குள் குனிந்தபடியே அழுது முடித்தேன். ஒரே ஒரு வருஷம் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். அந்த வருஷம் எனக்கு மீன் படவில்லை, தூக்கம் வரவில்லை, நான் என்ன பிழை செய்தேன் என்று பாய் முழுக்கப் புரண்டேன், அடுத்த தை வருகிறதுக்கு ஒரு யுகம் ஆயிற்று. வந்தாள், வைத்தாள். “போன வருசம் எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு.” அவ்வளவுதான். ஒரு வருஷத்து நரகத்துக்கு ஒரு தொண்டைக்கட்டு. இத்தனைக்கும் நான் ஒன்றுக்கும் பதில் சொன்னது இல்லை மக்கா. சொல்லாத பதில் எல்லாம் நெஞ்சில் அடுக்கடுக்காய்க் கிடக்கிறது, ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் அந்த முதல் கேள்விதான், அதைத் தாண்டி அடுத்ததுக்குப் போக முடியவில்லை. உனக்கு இதெல்லாம் தெரியுமா? தெரிந்துதான் அவள் கதவைச் சாத்துகிற வரை துண்டை எடுக்காமல் இருந்தாயா, இல்லை துண்டைத் தேடவே உனக்கு அவ்வளவு நேரம் ஆகுமா? செத்தவன் என்றால் வாயைத் திறந்து சொல்லலாம். நீ என்னைவிடப் பெரிய ராயனாய் இருக்கிறாய்.

ஒரு சங்கதி மட்டும் ஊருக்கே தெரியும், உனக்குக் காய்ச்சல் வந்த வருஷம். நீ பாயில் கிடக்கிறாய், பிதற்றுகிறாய், எழுந்து உட்கார ஜீவன் இல்லை. வாசலில் சருவத்தோடு நான், பின்னால் பசியோடு ஊர். என்ன செய்வது என்று பெரிய ஆட்கள் கூடிக் கூடிப் பேசுகிறார்கள். உள்ளேயிருந்து கித்தேரி வந்தாள், நாற்காலியைத் தூக்கிப் போட்டாள், உன் தொப்பியை அதன்மேல் வைத்தாள். “தொப்பி எங்க இருக்கோ அதுதான் பாப்பு, கழுவட்டும்” என்றாள். தொம்மை அண்ணாவி அப்போது இருந்தார், தாடையைத் தடவிக்கொண்டு, “கெட்டிக்காரிதான். சரி, இனிமே அதுதான் சட்டம், ராயன் தொப்பியைப் பார்த்தா மண்டி போடணும்” என்றார். நான் மண்டி போட்டு நாற்காலியின் நாலு காலையும் கழுவினேன். நாற்காலிக் காலுக்கு முத்தமும் கொடுத்தேன். ஊர் அதைச் சொல்லிச் சொல்லி இன்றைக்கும் சிரிக்கிறது. சிரிக்கட்டும், ராயன்மாருக்கு அதுதான் மிச்சம். லீனுஸ், கிளேத்துஸ், கிளேமென்ஸ், சீக்ஸ்துஸ் என்று பூசையில் பழைய பாப்புமார் பேரையெல்லாம் சாமியார் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போவார், ஒரு ராயன் பேர் வருகிறதா? விசுவாசப் பிரமாணத்தில் போஞ்சு பிலாத்து பேர் வருகிறது, அவனும் ராயன் இல்லை, ராயனுடைய ஆள். ஒரு பிள்ளைக்கு மக்சேந்தி என்று பேர் வைப்பார்களா? நம்ம ஊரில் நீரோ என்கிற பேர் ஒரு நாய்க்குத்தான் இருந்தது, நல்ல நாய். ஆனால் மக்கா, தொழுவத்தில் செத்த பாப்புவை ஊர் ஊராய்க் கோயில் கட்டிக் கும்பிடுகிறார்கள் சரி, அவரைச் சாணி அள்ள வைத்த ராயன் இல்லாமல் அந்தக் கதையைச் சொல்ல முடியுமா? அப்படியாவது ஒட்டிக்கொண்டு கிடக்கிறான். நானும் அப்படித்தான் உன் வீட்டுக் கதையில் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தேன். இன்றைக்கு அந்த வீட்டுக்குப் பூட்டு.

ஐஸ் கம்பெனி மதில் வந்துவிட்டது. அம்மோனியா வாசம் மூக்கைச் சுடுகிறது. இடது காலே, நேரே நட. நான் திரும்பினால் ஊரே தடுமாறும், சருவம் தரையில் கிடக்கும், அடுப்பு பற்றாமல் பிள்ளைகள் அழும், ரெஜிசின் மனைவி மோனிக்கா புதுச்சேலை கட்டிக் கஞ்சியோடு காத்துக்கொண்டிருப்பாள், அவளுக்கு இது முதல் வருஷம், பாவம். நேரே பார்க்கிறேன். நேரே பார்த்தால் மணல் தெரு தெரியாது. தெரியக் கூடாது. அவள் கார் போயிருக்கும். போயிருந்தால் நல்லது, போகாமல் இருந்து நான் பார்க்காமல் போனால் அது எப்படி, பார்த்தும் பேசாமல் போனால் அது எப்படி, சிவப்பெல்லாம் கண்ணுக்குள் இறங்குகிறது. பேண்டு ஏன் நின்றுவிட்டது? முதலில் கிளாரினெட் நின்றது. அப்புறம் டிரம். யாரோ, “ஏ யம்மா” என்கிறார்கள். முன்னால் நிற்கிறவர்கள் விலகுகிறார்கள். முக்கில், தெரு நடுவில், ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. அதில் கித்தேரி. பிரயாணத்துக்குக் கட்டின வெள்ளைச் சேலை, மடியில் கைப்பை. தலையில் உன் பழைய தொப்பி, சந்தியாகு. சரிகை பிரிந்து, ஓரம் நைந்து, நீ வேர்த்து வேர்த்துக் கறுத்த அதே தொப்பி. ஒரு எலியும் தொடவில்லை. அவளுக்குப் பின்னால் இஞ்சின் ஓடுகிற கார், கதவைப் பிடித்துக்கொண்டு அலோசியசு, முகத்தில் ரத்தமே இல்லை. “அத்தை, அத்தை, இறங்குங்க அத்தை” என்கிறான், அவள் ஏற்கெனவே இறங்கித்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

கோயில் கமிட்டிக்காரர் ஒருத்தர் முன்னால் வந்தார். “கித்தேரி, என்ன வேலை இது? பொம்பளைக்கு எதுக்கு பாப்பு தொப்பி?” அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். “தொப்பிதான் பாப்புன்னு சட்டம் போட்டது நீங்கதான். அன்னைக்கு நாற்காலிக் காலைக் கழுவுனாரே, நாற்காலி ஆம்பளையா பொம்பளையான்னு யாராவது கேட்டீங்களா?” சனத்துக்குள்ளேயிருந்து ஒரு பொம்பளை கெக்கென்று சிரித்தாள், அப்புறம் இன்னொருத்தி, அப்புறம் எல்லாரும். சாமியார் செபமாலையை எடுத்து உருட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார், மேகம் கூட இல்லாத வானம். அவள் என்னைப் பார்த்தாள். காலைச் செருப்பிலிருந்து எடுத்து, வெடித்த குதிகாலோடு, தரையில் ஒன்றாய்ச் சேர்த்து வைத்தாள். தொப்பியைப் பார்த்தால் ராயன் மண்டி போட வேண்டும். போட்டேன். முட்டி கடிக்கவில்லை மக்கா, சத்தியமாய் ஒன்றும் கடிக்கவில்லை. வலது கால், பிறகு இடது கால். உன் காலை எத்தனை வருஷம் கழுவினேன், கட்டை மாதிரி இருக்கும். இது சின்னக் கால், சூடாய் இருந்தது. தண்ணியை ஊற்றினேன், பாதி கடல், பாதி கிணறு. மேலேயிருந்து அவள் குரல், வருஷத்து வார்த்தை, மெதுவாய், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “நேத்து ஆத்துல விழுந்து எந்திரிக்க நேரமாச்சாம். வீட்டுல இருந்து சனத்தோட சத்தத்தைக் கேட்டேன். நெசமாவே போயிட்டீரோன்னு கதவைத் தொறந்து வெளிய வந்து நின்னேன்.”

நான் நிமிரவில்லை. நிமிர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். “கஞ்சி இல்ல ராயரே. அடுப்பைக் கழுவிக் கவுத்தாச்சு.” அப்புறம் அவள் குனிந்தாள். தன் முந்தானையை எடுத்துச் சருவத்துத் தண்ணியில் நனைத்துப் பிழிந்தாள், என் தாடையை இரண்டு விரலால் நிமிர்த்தினாள், இடது கன்னத்தில் வைத்தாள். நீ தேய்ப்பது மாதிரி இல்லை. உலர்ந்த செதில் ஒவ்வொன்றாய் ஊறி வர வர, நெற்றியிலிருந்து தாடை வரை, பொறுமையாய், பச்சைப்பிள்ளை முகத்தைத் துடைக்கிற மாதிரி. கண்ணோரத்தில் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்திருந்தாள். வெள்ளை முந்தானை சிவப்பாய் ஊறியது, மீசையின் கரியும் பாதி அதில் வந்தது. மூக்குத் தண்டுக்கு நேராய் வந்து கையை நிறுத்திக்கொண்டாள். என் வலது பக்கத்துச் சிவப்பைத் தொடவில்லை. “அது ரெஜிசுக்கு. மோனிக்கா கஞ்சியோட நிக்கா. ஊரைப் பட்டினி போடாதேரும்” என்றாள். தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். எழுந்து, ஒரு அடி எடுத்து வைத்துவிட்டுத் திரும்பினாள். பல் போன வாயில் ஒரு சிரிப்பு, சின்ன வயசில் மாங்காய் திருடிவிட்டுச் சிரிப்பாளே, அதே சிரிப்பு. “பாதி மூஞ்சி தொடச்சாச்சுல்லா. பாதி வாயால பேசலாம்.” ஊர் நிற்கிறது, கார் உறுமுகிறது, நீ பக்கத்தில் நிற்கிறாய். அடுக்கி வைத்த பதில் எல்லாம் நெஞ்சில் சரிந்து விழுந்தது, அடியில் கிடந்தது மட்டும் கையில் வந்தது.

“உப்பு போதும்” என்றேன்.

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அலோசியசு தண்ணி பாட்டிலைத் திறந்து, “சேலையெல்லாம் சாயம் அத்தை, அலசிருங்க” என்று நீட்டினான். அவள் பாட்டிலை ஒதுக்கிவிட்டு, நனைந்து சிவந்த அந்த முந்தானையை அலசாமல், பிழியாமல், மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினாள்.